சகலை வைத்த ஆன்டெனா

அத்தை வீட்டுத் தகரக் கூரையின் மேல் அந்த ஆன்டெனா இன்னும் நிற்கிறது. நடுவில் ஒரு நீளக் கம்பி, இரு பக்கமும் சின்னச் சின்னக் குச்சிகள், தின்று முடித்த மீனின் முள்ளைப் போல. அதிலிருந்து இறங்கிய வயர் எப்போதோ அறுந்து போய்விட்டது. இப்போது அதில் காய் பிடிக்கும் போஞ்சிக் கொடி ஏறியிருக்கிறது. போன மாதம் ஒழுகும் தகரத்தைச் சரி செய்யக் கூரையில் ஏறினேன். ஏறியது ஏறினோம், இந்தச் சனியனையும் கழற்றி வீசிவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். கீழே இஸ்தோப்புத் திண்ணையில் நின்ற அத்தை, என் மனைவியின் அம்மா, முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, காற்றிடம் சொல்வது போலச் சொன்னார், "அது இருக்கட்டும். சின்ன மாப்பிள்ள வச்சது." நான் ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தலை நரைத்த பிறகும் ஒரு மனுஷனுக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும்.

சின்ன மாப்பிள்ளை என்றால் என் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவன். நேரில் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அவன் எப்போதும் 'அவன்'தான். நான் அப்புத்தளை ஸ்டேஷனுக்கு இறங்கும் ரோட்டில் சிம் விற்று, போனுக்கு ரீலோட் போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருந்தேன். நான் எந்தக் கம்பெனிக்கு ஏஜெண்டோ அதற்குப் போட்டியான கம்பெனிக்கு, கல்யாணமான அடுத்த வருடமே அவன் பெரகல சந்தியில் ஏஜெண்ட் ஆனான். உலகத்தில் வேறு தொழிலே இல்லை பாருங்கள். அவன் கடைக்கு முன்னால் கம்பெனிக் குடை ஒன்று விரித்திருந்தது. கொஸ்லந்தைப் பக்கமிருந்து ஏறிவரும் பஸ்ஸெல்லாம் அந்தக் குடையடியில்தான் நின்றது. என் கடைக்கு முன்னால் மூடுபனிதான் நின்றது. அவன் சிரித்துச் சிரித்துப் பேசுவான். நான் சிரித்தால் கடன் கேட்கப் போகிறேனோ என்று ஆட்கள் விலகிப் போவார்கள்.

கடையில் அவன் ஜெயித்ததை நான் எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்களுக்குள் போட்டி அத்தை வீட்டில்தான் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டார். உறவுக்காரர் வீட்டில் வளர்ந்தவன் நான். கல்யாணம் என்றதும் ஒரு பெண் கிடைப்பாள் என்பதோடு, அவளுக்கு ஒரு அம்மா இருப்பாளே, நமக்கும் அம்மா மாதிரி இருப்பாளே என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெண் பார்க்கப் போன அன்று பெண்ணைவிடக் கதவுக்குப் பின்னால் தெரிந்த சேலையைத்தான் அதிகம் பார்த்தேன். ஆனால் அத்தை பழைய பழக்கக்காரர். மாப்பிள்ளைமார் முன்னால் வந்து நிற்கமாட்டார். சோறு மகள் கையில் வரும். நலம் விசாரிப்பு கதவுக்குப் பின்னாலிருந்து வரும், அதுவும் 'சாப்பிட்டாங்களான்னு கேளு' என்று மகளுக்குச் சொல்வது போல. தலைத் தீபாவளிக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு முழுசாகத் தெரியவில்லை.

போன் வந்த பிறகுதான் அவர் எனக்குக் கிடைத்தார். நமுனுகுல மலையின் மடிப்புக்குள் இருக்கிறது அவர் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டம். ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான் வரும், அதுவும் ஜன்னல் பக்கம் மட்டும். நான் வாங்கிக்கொடுத்த போனைக் காலியான யோகட் கோப்பை ஒன்றில் நிறுத்தி, கோப்பையை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் கூப்பிடுவேன். முதல் தடவை, "யாரு, மாப்பிள்ளையா" என்று அத்தை கேட்டதோடு சரி. மூன்றாவது தடவை என் இருமலுக்குக் கைமருந்து சொன்னார். அதற்கப்புறம் அவர் வாயை மூடவே இல்லை. முகம் தெரியாது என்ற தைரியம்தான். கொழுந்து மலையில் அட்டை கடித்தது, கங்காணி யாரை ஏசினார், பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாருக்கு வயிறு சரியில்லை, எல்லாம் சொல்வார். நடுவில், 'நீங்க சாப்பிட்டீங்களா' என்பார். மகள் வழியாக இல்லை, நேராக என்னைக் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக நான் கிழமை முழுதும் காத்திருப்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என் மச்சினிக்குக் கல்யாணமாகி அவன் வந்து சேர்ந்தான். வந்ததும் முதல் வேலையாக அத்தைக்கு இன்னொரு போன் வாங்கிக்கொடுத்தான். என்னுடையது கறுப்பு வெள்ளை. அவனுடையது கலர், டார்ச் லைட்டும் உண்டு. ஜன்னலில் இரண்டாவது யோகட் கோப்பை ஏறியது, இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன். அவரவர் வாங்கிக்கொடுத்த சிம்முக்குத்தான் அவரவர் கூப்பிட வேண்டும், அத்தையும் அவரவருக்கு அதில்தான் பேச வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஒரு முறை வந்துவிட்டது. ஒரு மாப்பிள்ளையிடம் மற்ற மாப்பிள்ளையின் சிம்மில் பேசினால் அது பந்தியில் இலை மாற்றிப் போட்டது மாதிரி. அவன் எனக்கு முன்னாலேயே கூப்பிட்டுவிடுவான். நான் கூப்பிடும்போது, "இப்பத்தான் சின்ன மாப்பிள்ள பேசுனாரு" என்று அத்தை ஆரம்பிப்பார். அவருக்கு அது சாதாரணச் செய்தி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு நாள், "சின்னவரு கோடு தெளிவா இருக்கு, பக்கத்துல இருந்து பேசுற மாதிரி" என்றார். அன்றிரவே என் கம்பெனிக்கு போன் போட்டு, உங்கள் டவர் என்ன செத்துவிட்டதா என்று ஏசினேன்.

அடுத்த தீபாவளிக்கு அவன் மூட்டையோடு வந்தான். கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கியதாம், சிக்னல் பூஸ்டர். சின்ன இரும்புப் பெட்டி, நீள வயர், இந்த மீன் முள் ஆன்டெனா. ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறினான். லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆன்டெனாவை அங்கே திருப்பு, இங்கே திருப்பு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வலப்பக்கக் கோப்பையில் இருந்த போனில் கோடுகள் முழுசாக ஏறின. அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து, "பாத்து எறங்கச் சொல்லு, தகரம் வழுக்கும்" என்றார். நான் கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு எத்தனை தடவை கூரை வேய்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு நாளும் தகரம் வழுக்கவில்லை போலும். அவன் இறங்கி வந்து, பெட்டியை யாரும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் கெட்டுவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னான். இடப்பக்கக் கோப்பையில் என் போனில் இருந்த ஒற்றைக் கோடும் போயிருந்தது. அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

அதற்கப்புறம் மற்ற நாட்களில் கூப்பிட்டுப் பார்த்தால் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று மூன்று மொழியில் ஒரு பெண் சொல்வாள். அந்த லயத்தில் என் சிம் வைத்திருந்த ஆட்கள் எல்லோரும் மெல்ல மெல்ல அவன் சிம்முக்கு மாறினார்கள். ஆனால் ஓர் அதிசயம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்கு லைன் கிடைத்தது. அத்தை முதல் மணியிலேயே எடுத்தார். முன்பைவிட அதிக நேரம் பேசினார். என்ன, ஒரே இரைச்சல். காற்று அடிக்கிற மாதிரி, நடுநடுவே மணிச் சத்தம், அத்தைக்கும் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம். எல்லாம் அந்தப் பூஸ்டர் செய்கிற கூத்து என்று முடிவு கட்டினேன். என் டவர் அவ்வளவு இடைஞ்சலையும் தாண்டி ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போய்ச் சேர்கிறதே என்று எனக்குப் பெருமை வேறு. அதைப் பெரகலைக்கே போய் அவன் குடையடியில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் வழக்கம் போலச் சிரிக்கவில்லை. பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டான்.

நான் விடுவதாக இல்லை. கம்பெனிக்கு முறைப்பாடு மேல் முறைப்பாடாகச் செய்தேன். கடைசியில் ஒரு நாள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஒருவர் கையில் சின்ன ஆன்டெனா, மற்றவர் கையில் திரை வைத்த கருவி. நானும் கூடவே போனேன். சகலைக்கு யார் சொன்னார்களோ, அவனும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். அத்தை கொழுந்து மலைக்குப் போயிருந்தார். அவர்கள் லய வாசல் நெடுக நடந்து, அத்தை வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவர் கையிலிருந்த ஆன்டெனா கூரையைப் பார்த்தது. எனக்குத் தேர் நிலைக்கு வந்தது போல இருந்தது. இந்த மாதிரி மலிவுப் பெட்டி தன் கம்பெனிக்கு மட்டும் பேசாது, பக்கத்துக் கம்பெனியின் அலைவரிசையிலும் கத்திக்கொண்டே இருக்கும், அதனால்தான் உங்கள் சிக்னல் அடிபடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். அனுமதியில்லாமல் வைப்பது குற்றம், கேஸ் போடாமல் விடுகிறோம், உடனே கழற்றுங்கள் என்றார்கள். அவன் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்ப் பெட்டியை நிறுத்தினான். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அப்போது அந்தத் திரைக்காரர் என்னிடம், இத்தனை நாள் இந்த வீட்டில் உங்கள் சிம் சுத்தமாகச் செத்துத்தான் இருந்திருக்கும் என்றார். அதெப்படி, நான் ஞாயிறு தவறாமல் பேசுகிறேனே என்றேன். அவர் தலையை ஆட்டினார். வாய்ப்பே இல்லை, இந்தப் பெட்டி ஓடும்போது அதோ அந்தப் பாறை வரை ஏறினால்தான் உங்கள் சிக்னல் கிடைத்திருக்கும் என்று மேலே கையைக் காட்டினார். லயத்துக்குப் பின்னால், தேயிலையைத் தாண்டி, முனியாண்டி கோயில் பாறை இருக்கிறது. ஏறினால் இளவட்டங்களுக்கே தொடை நடுங்கும். நான் சகலையைப் பார்த்தேன். அவன் வயரைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணே, அத்த வீட்டுல இருந்து ஒங்ககிட்ட பேசல. ஞாயித்துக்கெழம விடிஞ்சா ஒங்க போன முந்தானையில முடிஞ்சிக்கிட்டு பாறைக்கு ஏறிருவாங்க. மழையா இருந்தா கொங்காணிச் சாக்கப் போட்டுக்கிட்டுப் போவாங்க. சொன்னா நம்ம ரெண்டு பேருக்கும் சண்ட வரும்னு யாரையும் சொல்ல விடல. பெட்டிய நிப்பாட்டுங்கன்னு நானே சொல்லிப் பாத்தேன். சின்ன மாப்பிள்ள வச்சத நான் தொடமாட்டேன்னுட்டாங்க."

சுருட்டிய வயரைப் பெட்டி மேல் வைத்தான். பிறகு, "எனக்கு முழுக் கோடும் இருந்துச்சு. இருந்து என்ன. அடுப்புல ரொட்டி கருகுதுன்னு வச்சிருவாங்க. எனக்காக ஒருத்தரும் ஒரு மேடு ஏறுனதில்லண்ணே" என்றான்.

இந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வயதான ஒரு மனுஷியைக் கல்லிலும் முள்ளிலும் ஏறவைத்தோமே என்று மனம் நொந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் எதிர்பார்த்தாள். அவளுக்கு விஷயம் முதலிலிருந்தே தெரியும். எனக்கு வந்தது சந்தோஷம். உள்ளதைச் சொல்கிறேன், அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. காற்றுச் சத்தம், முனியாண்டி கோயில் மணி, அந்த மூச்சு, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் எனக்காக. சிரித்துப் பேசத் தெரிந்தவனுக்கில்லை, குடை விரித்தவனுக்கில்லை, எனக்கு. அவன் முகத்தில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் தெரிந்துகொள்வேன், நான் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்தானே. அவனும் என்னை மாதிரிதான் என்று தெரிந்ததும் அவன் மேல் எனக்கு முதன்முதலாகப் பிரியம் வந்தது. அவனுக்கு நான் பஸ் நிலையத்துக் கடையில் பிளேன்டீ வாங்கிக்கொடுத்தேன். பெட்டியைக் கொண்டுபோனான். ஆன்டெனாவைப் பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஆனால் அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. பெட்டி போனதும் என் ஒற்றைக் கோடு ஜன்னலுக்குத் திரும்பி வந்தது. அத்தை பாறைக்கு ஏறுவதை நிறுத்தினார். அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். காற்று இல்லை, மணி இல்லை, சட்டியில் ஏதோ பொரியும் சத்தம் மட்டும். நலம் கேட்டார், மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், பிறகு, "ரொட்டி கருகுது மாப்பிள்ள" என்று வைத்துவிட்டார். கடையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் சரியில்லை அத்தை, பாறைக்குப் போய்ப் பேசுங்களேன் என்று சொல்ல அடுத்த வாரம் வாய்வரை வந்தது. அவருடைய முழங்காலை நினைத்து விழுங்கினேன்.

பிறகு ஆட்கள் அவரவர் போனிலேயே ரீலோட் போடக் கற்றுக்கொண்டார்கள். பெரகல சந்தியில் குடை மடங்கியது. நான் கடையை போன் திருத்தும் கடையாக மாற்றிக்கொண்டு தப்பினேன். சகலை கட்டார் போனான். போனவன் அங்கிருந்து வீடியோ காலில் அத்தையைப் பார்க்க வேண்டும் என்றான். இப்போது நடக்கும் கூத்தைக் கேளுங்கள். லயத்துக்குள் பேச்சு வரும், படம் வராது. முனியாண்டி பாறையில்தான் படம் வரும், அதுவும் என் கம்பெனி சிம்முக்கு மட்டும். எதிர்த்த மலையில் இருக்கும் அவன் பழைய கம்பெனி டவர் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. பென்சன் வாங்கி வீட்டோடு இருக்கும் அத்தை, வெள்ளிக்கிழமை தலை வாரி, நல்ல சேலை கட்டி, கைத்தடியோடு பாறைக்கு ஏறுகிறார். தனியாக விட முடியுமா? நான் போகும் வெள்ளிக்கிழமைகளில் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போகிறேன். என் டவர், என் சிம், என் குடை. வீடியோ கால் அவனுக்கு.

கூரையில் ஏறி ஸ்பேனரோடு இறங்கி வந்தேனே, அன்றும் வெள்ளிக்கிழமைதான். மேடு ஏறும்போது அத்தை இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அந்த மூச்சை எனக்கு நன்றாகத் தெரியும். பாறையில் அவர் உட்கார்ந்தார். வழக்கம் போல எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார், என் பக்கமாகச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு. வழக்கமாகப் பேச்சு முடியும்வரை தள்ளி நிற்பேன், அன்று தூறியதால் அவருக்குப் பின்னால் ஒட்டி நின்று குடையைப் பிடித்தேன். திரையில் சகலை வந்தான், கன்னம் ஒட்டி, தலை வழுக்கையாகி, ஆனால் அதே சிரிப்போடு. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் அத்தையின் முகம் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அன்றுதான் அந்த முகத்தை நான் முழுசாகப் பார்த்தேன். வலது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருக்கிறது. எனக்குத் தெரியாது. அவர் அவனை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கதவு இல்லை, மகள் இல்லை, தலைப்பு இல்லை. மாப்பிள்ளை முன்னால் நிற்காத மனுஷி, கடல் தாண்டிப் போனவன் முன்னால் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். குடை பிடிப்பவனுக்கு முதுகு. குடையை மடித்துக்கொண்டு இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். "அண்ணே, ஒங்க டவர் பரவாயில்லையே" என்றான். இன்றைக்கு வீட்டில் என்ன கறி என்று அத்தையிடம் கேட்டான்.

"போஞ்சிதான். நீங்க வச்ச கம்பியில காய்ச்சது" என்றார் அத்தை. "பெரிய மாப்பிள்ளைக்குப் புடிக்கும்னு பால் விட்டு வச்சிருக்கேன். வேற யாரையும் தொட விடல."

திரையில் அவன் சிரிப்பு ஒரு கணம் நின்றது. கண் இரண்டும் சுருங்கின. அன்று சிக்னல் நல்ல சிக்னல். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.